நாலு கிலோப் பிள்ளை

மஞ்சள் ஏலம் நடக்கும் செவ்வாய்க்கிழமைகளில் நாமகிரிப்பேட்டைக்கு ஒரு தனி வாசனை வந்துவிடும். மெட்டாலா, ஆயில்பட்டி, மங்களபுரம், முள்ளுக்குறிச்சி என்று சுற்றுப்பட்டிலிருந்தெல்லாம் மூட்டைகள் வந்து இறங்கும். விரலி, கிழங்கு, பனங்காளி என ரகம் பிரித்து வைத்திருப்பார்கள். வாங்க வந்த வியாபாரி தராசைத் தேட மாட்டார். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு விரலியை எடுத்து ‘டக்’கென்று ஒடிப்பார். உள்ளே நிறம் எப்படி, காய்ச்சல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஈரம் நின்ற மஞ்சள் தராசில் நன்றாகத்தான் நிற்கும், விலையில் நிற்காது. எடை கூடியிருந்தால் எதனால் கூடியது என்று கேட்பது இந்த ஊருக்குப் பழகிய விஷயம்.

பிள்ளையின் எடை என்று வரும்போது மட்டும் அந்தக் கேள்வி மறந்துபோகிறது.

இங்கே ஒரு வீட்டில் கட்டுச்சோறு விருந்து நடப்பதாக நினைத்துக்கொள்வோம். பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம். பெண் வீட்டார் கட்டுச்சோறும் பலகாரமும் கொண்டுவந்து இறக்கியாயிற்று. முந்தின நாள் எடுத்த ஸ்கேனில் ‘உத்தேச எடை 3.8 கிலோ’ என்று போட்டிருக்கிறது. அப்பத்தாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. “நாஞ்சொல்லல? வயித்தப் பாத்தாவே தெரியுதே. நாலு கிலோவுக்குச் சிங்கக்குட்டியாட்டம் வரும் பாரு.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாயிக்கோ கவலை. “சின்னதாப் பெத்துப் பெருசா வளத்தோணும் அம்மிணி. உள்ளயே இத்தன வளந்துட்டா கத்தி வெக்காம விடுவாங்களா?”

இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் தராசைத்தான் பார்க்கிறார்கள். இந்த அத்தியாயம் ஒடித்துப் பார்ப்பதைப் பற்றியது.

எது பெருசு?

மருத்துவப் புத்தகங்கள் பெரிய குழந்தைக்கு இரண்டு விதமாகக் கோடு கிழிக்கின்றன. ஒன்று நேரடி எடை: பிறக்கும்போது 4 கிலோவைத் தாண்டினால் பெரிய குழந்தை. சில நாடுகளில் இந்தக் கோடு 4.5 கிலோ. இன்னொன்று ஒப்பீடு: அதே வாரத்தில் பிறக்கும் நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால் மேலே உள்ள பத்துப் பேரில் ஒருவராக இருப்பது.

முதல் கோடு நம் ஊருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அது ஐரோப்பியக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் பார்த்துக் கிழித்த கோடு. அங்கே மூன்றரை கிலோ என்பது சராசரி. நம் நாட்டில் சராசரி மூன்று கிலோவைக்கூடத் தொடுவதில்லை. அதனால்தான் சில இந்திய ஆய்வுகளில் மூன்றரை கிலோவை ஒட்டியே ‘பெரிய குழந்தை’க் கோடு கிழிக்கப்படுகிறது. ஐந்தடி உயரமுள்ள, குறுகிய இடுப்பெலும்புள்ள ஒரு பெண்ணுக்கு 3.6 கிலோ பெரிய பிள்ளைதான். ஐந்தே முக்கால் அடி டச்சுப் பெண்ணுக்கு அது சாதாரணம்.

பெரிதாகப் பிறக்கக் காரணங்கள் பல. பெற்றோர் நல்ல உயரமாக இருக்கலாம். ஆண் குழந்தை சராசரியாகப் பெண் குழந்தையைவிடக் கொஞ்சம் கூடுதல் எடை இருக்கும். இரண்டாவது, மூன்றாவது பிள்ளைகள் பெரும்பாலும் முதல் பிள்ளையைவிடக் கனம். பேறுகாலத் தேதி தாண்டிப்போனால் உள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும். தாய் கர்ப்பத்துக்கு முன்பே அதிக எடையோடு இருந்தாலும், கர்ப்பத்தில் அளவுக்கு மீறி எடை போட்டாலும் பிள்ளை பெருக்கும். இவற்றில் பலவும் நல்ல காய்ச்சலுள்ள எடை. உலகெங்கும் பெரிதாகப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தச் சிக்கலும் இல்லாமல் பிறந்து, வீட்டுக்குப் போய், தூங்க விடாமல் அழுதுகொண்டிருப்பவர்கள்தான்.

ஈரம் நின்ற எடை வேறு. அதன் பெயர் சர்க்கரை.

ஹெர்குலிஸ் என்று நினைத்தவர்

1824-இல் பெர்லினில் ஹைன்ரிக் பென்னவிட்ஸ் என்ற மருத்துவர் தன் பட்டத்துக்காக ஒரு சிறு ஆய்வேட்டை எழுதினார். அதில் வரும் பெண்ணுக்கு வயது 22, அது ஐந்தாவது கர்ப்பம். தீராத தாகம், ஓயாமல் சிறுநீர். சிறுநீரில் சர்க்கரை. குழந்தை பிரசவத்திலேயே இறந்துபோயிற்று. எடை 12 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஐந்தரை கிலோ. அந்தக் குழந்தையின் உடற்கட்டைக் கண்டு வியந்த பென்னவிட்ஸ், அதை ஹெர்குலிஸ் பெற்ற பிள்ளையோடு ஒப்பிட்டு எழுதினார். நம் ஊராக இருந்தால் பீமன் என்றிருப்பார். கர்ப்பகாலச் சர்க்கரையைப் பற்றி மருத்துவ உலகில் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று. நோயைப் பதிவுசெய்தவரே அதன் விளைவைப் பார்த்து வலிமை என்று நினைத்துக்கொண்டார். அப்பத்தா தனியாக இல்லை.

அந்தப் பிள்ளை ஏன் அப்படிப் பெருத்தது என்பதைத் தெளிவாகச் சொல்ல இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. 1950-களில் கோபன்ஹேகனைச் சேர்ந்த யோர்கன் பெடர்சன் விளக்கினார். நஞ்சுக்கொடி ஒரு சல்லடை மாதிரி. தாயின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸை அது தாராளமாக உள்ளே விடும், தாயின் இன்சுலினை விடாது. தாய்க்குச் சர்க்கரை ஏறினால் பிள்ளைக்கும் ஏறும். ஆனால் அதைச் சமாளிக்கத் தாயின் இன்சுலின் வராது. பிள்ளையின் கணையம் தானே கூடுதலாகச் சுரக்க வேண்டியிருக்கும்.

பிறந்தவர்களுக்கு இன்சுலின் சர்க்கரையைக் குறைக்கிற பொருள். கருப்பையில் அது வளர்க்கிற பொருளும்கூட. வந்த சர்க்கரையையெல்லாம் கொழுப்பாக்கிச் சேர்க்கச் சொல்லும். அந்தக் கொழுப்பு தோளிலும் மார்பிலும் வயிற்றிலும் அடுக்கப்படும். கல்லீரலும் இதயமும் பருக்கும். மூளை மட்டும் இந்த விருந்தில் கலந்துகொள்ளாது. ஆகவே இப்படிப் பெருக்கும் பிள்ளைக்குத் தலை சாதாரண அளவில் இருக்கும், தோள் அகன்றிருக்கும். இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரசவ அறைக்குள் போகும்போது தேவைப்படும்.

கர்ப்பத்தில் ஏன் சர்க்கரை ஏறுகிறது? நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேகத்தை வேண்டுமென்றே மட்டுப்படுத்துகின்றன. பிள்ளைக்குத் தடையில்லாமல் குளுக்கோஸ் போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். சிலரால் முடியாது. 24 வாரத்துக்கு மேல் அந்தப் பற்றாக்குறை வெளியே தெரியும்.

தமிழ்நாடு கொடுத்த டம்ளர்

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-இல் நாட்டிலேயே முதன்முதலாக நீரிழிவுக்கென ஒரு தனித் துறையைத் தொடங்கியவர் டாக்டர் வீ. சேஷய்யா. கர்ப்பகாலச் சர்க்கரை வசதியானவர்களுக்கு, நகரத்தாருக்கு வரும் நோய் என்ற எண்ணம் பரவலாக இருந்த காலம். அவருடைய குழு தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டது. நகரத்தில் 17.8 சதவீதம், சிறுநகரங்களில் 13.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதம். களையெடுத்து, மஞ்சள் வேகவைத்து, நாளெல்லாம் உழைக்கும் கிராமத்துப் பெண்களிலும் பத்தில் ஒருவருக்கு.

அப்படியானால் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். எப்படி? வெளிநாட்டு முறைகள் இரவு முழுக்கப் பட்டினி கிடந்து வரச் சொல்லும். மூன்று முறை ரத்தம் எடுக்கும். காலையில் ஆட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணிடம் “நாளைக்கு வெறும் வயித்தோட வாம்மா” என்றால் நாளைக்கு வர மாட்டாள். அவள் சோம்பேறி என்பதால் அல்ல, ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும் என்பதால். சேஷய்யா இந்தச் சிக்கலையே சோதனையின் வடிவமாக மாற்றினார். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. கர்ப்பிணிகள் அனைவருக்கும் இந்தப் பரிசோதனை என்று 2007-இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. பிறகு இதே முறையை மத்திய அரசின் வழிகாட்டுதலும் ஏற்றுக்கொண்டது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

விமர்சனமும் உண்டு, அதுவும் சென்னையிலிருந்தே. டாக்டர் வி. மோகன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, பட்டினியில்லாத சோதனை கணிசமானவர்களைத் தவறவிடுகிறது என்று காட்டியது. இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூர்மையான சல்லடையில் பாதிப் பேர் வராமல் போவது நல்லதா, கொஞ்சம் பெரிய கண் உள்ள சல்லடையில் எல்லோரும் வருவது நல்லதா? மருத்துவமனை ஆய்வகத்துக்கு ஒரு விடை, முள்ளுக்குறிச்சி பஸ் நிறுத்தத்துக்கு வேறொரு விடை.

140 என்ற எண்ணும் ஒரு மதில்சுவர் அல்ல. ஒன்பது நாடுகளில் 23,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2008-இல் வெளியான ஹேப்போ ஆய்வு சொன்னது இது: தாயின் சர்க்கரை ஏற ஏற, பிள்ளை பெருப்பதும் சிசேரியனும் படிப்படியாகக் கூடுகின்றன. இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் பத்திரம், மேலே போனால் ஆபத்து என்று நடுவில் ஒரு வெட்டு இல்லை.

நல்ல செய்தி, கண்டுபிடித்தால் குறைக்க முடியும். லேசான கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள 958 பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து நடத்திய அமெரிக்க ஆய்வு 2009-இல் வெளியானது. சும்மா விடப்பட்டவர்களில் 14.3 சதவீதம் பேருக்குப் பிள்ளை 4 கிலோவைத் தாண்டியது. உணவுக் கட்டுப்பாடும், தேவைப்பட்டோருக்கு இன்சுலினும் பெற்றவர்களில் 5.9 சதவீதம்தான். பிரசவத்தில் தோள் மாட்டிக்கொள்வது 4 சதவீதத்திலிருந்து 1.5 ஆகக் குறைந்தது.

தட்டில் என்ன

சிகிச்சை என்றதும் ஊசியை நினைத்துப் பயப்படுகிறார்கள். முதல் இரண்டு வாரம் தட்டுதான் மருந்து. ‘ரெண்டு உசுருக்குச் சாப்பிடு’ என்பதில் இரண்டாவது உயிருக்கு வேண்டியது இன்னொரு தட்டுச் சோறு அல்ல.

இந்தப் பக்கத்துச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். குச்சிக்கிழங்கும் ஜவ்வரிசியும் நம் காட்டிலும் நம் ஆலைகளிலும் விளைகிற செல்வம். இரண்டுமே கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. அவித்த குச்சிக்கிழங்கை ஒரு வட்டில் நிறையச் சாப்பிட்டு, மேலே ஜவ்வரிசிப் பாயசமும் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ‘சோறு வேண்டாம், களி சாப்பிடு’ என்ற அறிவுரையும் பாதிதான் சரி. கேழ்வரகுக் களியில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆனால் உருண்டை பெரிதானால் அதுவும் மாவுச்சத்து மலைதான். அளவாக எடுத்து, பக்கத்தில் கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயறு, கீரை, மோர் வைத்துக்கொண்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். நாடெங்கும் முட்டை அனுப்பும் மாவட்டத்தில் கர்ப்பிணியின் தட்டில் முட்டை இல்லாமல் போகக் கூடாது. மூன்று வேளையாகச் சாப்பிடுவதை ஆறு சிறு வேளைகளாகப் பிரிப்பதும், சாப்பிட்ட பிறகு வாசலுக்கும் தெருமுனைக்கும் கொஞ்சம் நடப்பதும் கைமேல் பலன் தரும்.

இரண்டு வாரம் கழித்தும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 120-க்குக் கீழே வராவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தொடங்குவார்கள். முன்பு பார்த்தபடி இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. ஊசி தாய்க்குத்தான், பிள்ளைக்குப் போவதில்லை.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. பிள்ளை பெரிதானால் கத்தி என்று பயந்து, கர்ப்பிணியைப் பாதி வயிறாக வைப்பது. அம்மாயி சொன்ன ‘சின்னதாப் பெத்து’ என்ற பேச்சுக்குப் பின்னால் ஒரு நியாயமான வரலாறு இருக்கிறது. ஆஸ்பத்திரியும் அறுவையும் இல்லாத காலத்தில், வெளியே வர மாட்டேனென்ற பிள்ளை தாயையும் சேர்த்துக் கொண்டுபோனது. ஆனால் பட்டினி போட்டால் பிள்ளையின் எலும்பும் தசையும் குறையும், ரத்தசோகை கூடும். அது வேறொரு கடனை உண்டாக்கும். அந்தக் கடனைப் புனேயில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

ஒல்லியான குண்டுப் பிள்ளைகள்

புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003-இல் எழுதினார். புனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஆங்கிலேயக் குழந்தைகளுடையது 3.5 கிலோ. தசையிலும் வயிற்று உறுப்புகளிலும் நம் குழந்தைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தன. முதுகுத் தோலைக் கிள்ளி அளந்தபோது, அடியிலிருந்த கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. எடையில் ஒல்லி, உள்ளமைப்பில் குண்டு.

இதைத்தான் முதலிலேயே சொன்னேன். 2.7 கிலோப் பிள்ளைக்குள்ளும் ஈரம் நிற்கும். 3.2 கிலோவில் பிறந்த சர்க்கரைத் தாயின் பிள்ளை தராசில் தேர்ச்சி பெற்றுவிடும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதன் கொழுப்புக் கணக்கு வேறு கதை சொல்லும். மைசூரில் 1990-களின் இறுதியில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த தாய்மார்களின் பிள்ளைகள் வளர வளரக் கூடுதல் கொழுப்போடு இருந்தது தெரிந்தது. எடையை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் எடையை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள்.

ஸ்கேன் ஒரு தராசல்ல

கட்டுச்சோறு வீட்டுக்குத் திரும்புவோம். ஸ்கேனில் 3.8 கிலோ. அது எடை போட்டுச் சொன்னதல்ல. தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடையெலும்பின் நீளம் மூன்றையும் அளந்து ஒரு சூத்திரத்தில் போட்டுக் கிடைத்த கணிப்பு. பத்து சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம். 3.8 என்றால் 3.4 முதல் 4.2 வரை எதுவாகவும் இருக்கலாம். பிள்ளை பெருக்கப் பெருக்கக் கணிப்பு தடுமாறும். காட்டைப் பார்த்து விளைச்சல் சொல்கிற அனுபவசாலியைப் போன்றது ஸ்கேன். பெரும்பாலும் சரியாகவே சொல்வார், ஆனால் அவர் சொல்லை நம்பி மூட்டையை எடை போடாமல் விற்றுவிட மாட்டோம்.

ஆகவே அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் சிசேரியன் முடிவாகலாமா? இதற்கு 1996-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சர்க்கரை இல்லாத தாய்மார்களுக்கு, ஸ்கேனில் 4.5 கிலோ என்றதும் சிசேரியன் செய்வதாக வைத்துக்கொண்டால், ஒரே ஒரு குழந்தைக்குக் கை நிரந்தரமாக விளங்காமல் போவதைத் தடுக்க 3,695 பெண்களைக் கீறவேண்டியிருக்கும். சர்க்கரை உள்ள தாய்மார்களில் அந்த எண்ணிக்கை 443. எடை அதே 4.5 தான். பின்னால் இருக்கும் காரணம் மாறியதும் ஆபத்து எட்டு மடங்கு மாறிவிடுகிறது. இத்தகைய கணக்குகளின் அடிப்படையில்தான் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம், சர்க்கரை இருந்தால் 4.5 கிலோவிலும் இல்லாவிட்டால் 5 கிலோவிலும் திட்டமிட்ட சிசேரியனைப் பற்றிப் பேசலாம் என்கிறது. உருவம் சிறிய நம் பெண்களுக்கு மருத்துவர் இதைவிடக் குறைந்த எடையிலேயே யோசிக்க நேரலாம். யோசிக்கும்போது சர்க்கரை, தாயின் உயரம், முந்தைய பிரசவம், வலி எடுத்த பிறகு கருப்பை வாய் திறக்கும் வேகம் எல்லாவற்றையும் சேர்த்தே யோசிப்பார். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நாட்டின் சராசரி 21.5. இந்த நிலையில் ‘குழந்தை பெருசா இருக்கு’ என்ற ஒரே காரணம் சொல்லப்பட்டால், “சர்க்கரை எவ்வளவு இருக்குதுங்க டாக்டர்?” என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

நாள் பார்த்து முன்கூட்டியே வலி வரவைத்தால் என்ன? சர்க்கரை இல்லாத, பிள்ளை பெரிதாகத் தெரிந்த 2,893 பெண்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2025-இல் லான்செட் இதழில் வந்தது. 38 வாரத்தில் வலி வரவைத்த குழுவில் தோள் மாட்டியது 2.3 சதவீதம். அப்படித் திட்டமிடாத குழுவில் 3.1. வித்தியாசம் சிறியது, தற்செயலாகவும் இருந்திருக்கலாம். அவசரப்படுவதற்கான ஆதாரமாக அதைக் கொள்ள முடியாது. மருத்துவரோடு பேசி முடிவெடுக்க ஒரு தகவல், அவ்வளவே.

தோள் மாட்டும்போது

இப்போது அந்த வாக்கியம்: தலை சாதாரணம், தோள் அகலம்.

பிரசவத்தில் கடினமான பகுதி தலை வெளிவருவது என்றுதான் எல்லோரும் நினைப்போம். தலை வந்துவிட்டால் உடம்பு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆனால் நூறு பிரசவங்களில் ஒன்று இரண்டில், வெளியே வந்த தலை ஆமை மாதிரி மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். பிள்ளையின் முன்தோள் தாயின் இடுப்பின் முன்னெலும்புக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். மூச்சுவிட மார்புக்கு இடமில்லை, தொப்புள்கொடி நசுங்குகிறது. கையில் சில நிமிடங்களே உண்டு.

அந்த நிமிடங்களில் செய்யக்கூடாதவை இரண்டு. தலையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்து இழுபட்டுக் கை தொங்கிப்போகும். இப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மாதங்களில் சரியாகிவிடும், சிலருக்கு ஆயுளுக்கும் நிற்கும். இரண்டாவது, மேல்வயிற்றை அமுக்கக் கூடாது. அது மாட்டிய தோளை எலும்பின் மேல் இன்னும் அழுத்தும்.

செய்ய வேண்டியது எளிமையானது. தாயின் இரண்டு தொடைகளையும் வயிற்றை நோக்கி நன்றாக மடக்க வேண்டும். இடுப்பெலும்பு திரும்பி வழி கிடைக்கும். அதே நேரத்தில் இன்னொருவர் அடிவயிற்றில், எலும்புக்குச் சற்று மேலே அழுத்தித் தோளை நழுவவைப்பார். பல சமயம் இதுவே போதும். இல்லாவிட்டால் பின்பக்கக் கையை முதலில் எடுப்பார்கள். தாயைக் கைகால் ஊன்றி மண்டியிடச் சொல்வதும் உண்டு. இந்தக் கடைசி வழியை நவீன மருத்துவம் குவாத்தமாலாவின் மாயா மருத்துவச்சிகளிடமிருந்து, ஐனா மே காஸ்கின் என்ற அமெரிக்க மருத்துவச்சி வழியாகக் கற்றுக்கொண்டது.

இங்கே ஒரு சங்கடமான உண்மை. தோள் மாட்டும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் 4 கிலோவுக்குக் கீழே உள்ளவர்கள். யாருக்கு மாட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு பிரசவ அறையும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் தயாராக இருந்தாக வேண்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு மருத்துவமனை தன் செவிலியர்களையும் மருத்துவர்களையும் பொம்மைகளை வைத்து ஒன்றாகப் பழக்கியது. அதற்கு முன் தோள் மாட்டிய பிள்ளைகளில் 9.3 சதவீதம் பேருக்குக் காயம். பழகிய பிறகு 2.3 சதவீதம். புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. பழகிய கைகள்தான் வித்தியாசம்.

கைகளோடு சாலையும் சேர்ந்ததுதான் தயார்நிலை. ராசிபுரத்தை ஒட்டி நிற்கும் போதமலையில் பல தலைமுறைகளாக வண்டிச்சாலை இருந்ததில்லை. நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். அத்தகைய மலையூர்ப் பெண்ணுக்கு 34 வாரத்தில் சர்க்கரை என்று தெரிந்தால், பேறுகாலத்துக்குச் சில நாள் முன்பே அவளைச் சமவெளிக்குக் கூட்டி வந்துவிடலாம். மலைப்பகுதிப் பெண்களுக்காகவே பிரசவக் காத்திருப்பு அறைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு டம்ளர் குளுக்கோஸ் நீர் அவளுக்குச் சில வாரங்களைச் சம்பாதித்துத் தருகிறது. வலி எடுத்த பிறகு தெரிந்தால் அவள் கையில் இருப்பது ஒற்றையடிப் பாதை மட்டும்.

மூன்றாவது டம்ளர்

பிள்ளை பிறந்துவிட்டது. 3.7 கிலோ. கொழுகொழுவென்று, கன்னம் சிவந்து கிடக்கிறது. வெளியே இனிப்பு வாங்க ஆள் போய்விட்டது. செவிலியரோ குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார். “இத்தன நல்லா இருக்கற கொழந்தைய எதுக்குக் குத்தறீங்க நர்சம்மா?”

தொப்புள்கொடியை வெட்டிய நொடியில் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிட்டது. பிள்ளையின் கணையத்துக்கு அது தெரியாது. பழைய வேகத்திலேயே இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கும். சில மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு விழலாம். பிள்ளை சோர்ந்து, நடுங்கி, வலிப்புகூட வரலாம். தடுக்கும் வழி சுலபம்: ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், தாயின் மார்போடு ஒட்டிய கதகதப்பு, தேவைப்படும்போது சர்க்கரை அளவைப் பார்ப்பது. சேனை தொடுவதோ சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதோ அதற்கு மாற்றாகாது. இன்சுலின் அதிகமாக இருந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் முதிர்வது கொஞ்சம் தாமதமாகலாம், மஞ்சள் காமாலையும் கூடுதலாக வரலாம். பார்வைக்குப் பெரிய பிள்ளை உள்ளே முதிராத பிள்ளையாக இருக்கக்கூடும் என்பதால்தான் அந்தச் சொட்டு ரத்தம்.

கடைசியாகத் தாய். பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு சர்க்கரை இறங்கிவிடும். “சரியாப் போச்சு” என்று எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, மற்றப் பெண்களைவிட ஏழு மடங்கு அதிகம் என்று 2009-இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. கர்ப்பம் அவள் உடலுக்கு வைத்த ஒரு முன்தேர்வு. அதில் தடுமாறியவள் முழுத்தேர்வுக்குத் தயாராக வேண்டும்.

அரசு வழிகாட்டுதலில் அந்தக் குளுக்கோஸ் டம்ளர் மூன்று முறை வருகிறது. முதல் வருகையில் ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் ஒன்று, பிரசவமாகி ஆறு வாரம் கழித்து ஒன்று. முதல் இரண்டையும் பெண்கள் முகம் சுளித்துக்கொண்டாவது குடித்துவிடுகிறார்கள், பிள்ளைக்காக. மூன்றாவது டம்ளர் அவளுக்கு மட்டும். அதனாலேயே அது எளிதில் விட்டுப்போகிறது.

விட்டுப்போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஆறாவது வாரத்தில் பிள்ளைக்குத் தடுப்பூசி இருக்கிறது, ஒன்றரை மாத ஊசி. அதைப் பெரும்பாலான வீடுகள் தவறவிடுவதில்லை. பிள்ளையை எடைத் தட்டில் கிடத்தியதும் அப்பத்தா எட்டிப் பார்த்து எத்தனை கிலோ என்று கேட்பார். கேட்கட்டும். அன்றைக்கு வீட்டுக்கு அவசரமாகக் கிளம்பாமல், மரத்தடிப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பிள்ளை பெற்ற பேத்தியையும் ஒரு டம்ளர் குடிக்கவைத்துக் கூட்டிப்போனால் போதும்.